தொடையெலும்பின் நீளம்

காலிப் பெட்டி காலையில் இருந்ததைவிடக் கனத்தது. திர்சா அதை மேசைமேல் மறுபடி நகர்த்திப் பார்த்தாள். கனம்தான். வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் குலை நடுங்கியிருக்கும். கணவன் யோவாவ் போனதிலிருந்து அவளுக்குப் பயமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை.

எருசலேமுக்குத் தெற்கே வீடு கட்டத் தோண்டியபோது அகப்பட்ட குகைக் கல்லறையிலிருந்து வந்த பெட்டி. ஈராயிரம் வருஷத்துக்கு முன் இறந்தவரைக் குகையில் கிடத்திவிட்டு, ஒரு வருஷம் கழித்துச் சொந்தக்காரர்கள் வந்து எலும்புகளைப் பொறுக்கி இப்படிச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் அடுக்குவார்கள். உடம்பில் நீளமானது தொடையெலும்பு. பெட்டிக்கு அதுதான் அளவு. இதற்குள் இருந்ததைச் சமயத்தார் கேட்டு வாங்கிப்போய் மறுபடி அடக்கம் செய்தாயிற்று. தொல்பொருள் கிடங்கில் மிச்சம் வெறும் கல்.

"உள்ள வாயேன் அசாயேல். காலிதான்."

கூட வேலை பார்க்கும் அசாயேல் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆரோன் வழிவந்த யூதக் குருமார் வம்சம், பிணமோ எலும்போ இருக்கிற கூரையின் கீழ் நுழையமாட்டான். ஆனால் முன்பெல்லாம் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தவன்தான். இந்த வருஷம் முழுக்க வாசலோடு சரி.

"காலின்னு எனக்கும் தெரியும். நீ இருக்கற ரூமுக்குள்ள மட்டும் கால் வரமாட்டேங்குது. தப்பா நினைச்சுக்காத." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "தொடை எப்படி இருக்கு?"

"மரத்துதான் கிடக்கு. வருஷத்துக்குள்ள உணர்ச்சி வந்துடும்னாரு டாக்டர்."

"எப்ப முடியுது வருஷம்?"

"இன்னிக்கு."

அவன் ஓய்வுநாள் வாழ்த்தை முணுமுணுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டான்.

யோவாவ் செத்த அதே காரில்தான் அவளும் இருந்தாள். தொடைக்குள் எஃகுத் தகடு வைத்தார்கள். அதில் ஒரு திருகாணி கோணலாக இறங்கியிருந்ததை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை அந்தக் கால் வலித்துவிட்டால் போதும், தான் பிழைத்தது நிஜம் என்று நம்பிவிடுவாள்.

வெளியே ஓய்வுநாள் தொடங்குகிற சங்கு ஊதி அடங்கியது. பேருந்துகளின் இரைச்சல் நின்று, ஈரச் சுண்ணாம்பு வாடைக்குள் ஏலக்காய்க் காப்பியின் மணம் மெல்லப் பரவியது, யோவாவின் வாயில் எப்போதும் இருக்கும் மணம். பெட்டிக்குள் எதுவோ கல்லை உரசியது. யாரோ பத்திரமாக எதையோ கீழே வைக்கிற ஓசை.

முக்காலியில் உட்கார்ந்தபடியே மூடியைத் தள்ளினாள்.

ஒரு நீண்ட எலும்பு. பெட்டிக்குச் சரியான அளவு.

அதன்மேல் எஃகுத் தகடு.

கோணல் திருகாணி.

கையைத் தொடைக்குக் கொண்டுபோனாள். துணி மட்டும் அகப்பட்டது. அழுத்தினாள். முக்காலியின் பலகை தட்டுப்பட்டது.

காப்பி மணம் கழுத்தருகே வந்து நின்றது. பழகிய விரல்கள், அவசரமில்லாமல், அவள் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணின. ஒன்றைப் பிடித்துக்கொண்டன.

வலிக்கவில்லை.