எல்லாரும் ஏறியாச்சோ?

காரின் திறப்பு யதுர்ஷிகாவின் கையில்தான் இருந்தது. எஞ்சினை நிப்பாட்டித் திறப்பைக் கழற்றிப் பத்து நிமிசமாவது இருக்கும். பொனற்றுக்குள் சூடு ஆறும்போது கேட்கிற 'டிக் டிக்' கூட அடங்கிவிட்டது. ஆனாலும் கராஜ் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது.

பெற்றோல் மணமில்லை அது. அரைகுறையாய் எரிந்து, தொண்டையில் படலமாய் ஒட்டி, உடுப்பில் ஏறினால் மூன்று தரம் தோய்த்தாலும் போகாத மணம். பதினேழு வருசமாக அவள் எங்கேயும் மணந்திராத மணம்.

"யஹ்யா நானா, இதுக்குள்ள என்னத்தை ஊத்தினனீங்கள்?"

யஹ்யா காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார். முல்லைத்தீவிலிருந்து வந்து ரெண்டு மாதமாக இந்தப் பழைய ஒஸ்ரின் காரோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக்.

"பெற்றோல்தான் பிள்ளை. ஏன்?"

"மண்ணெண்ணை மணக்குது."

"எனக்கு ஒண்டும் மணக்கேல்ல. கம்பஸ் போனவங்களுக்கு மூக்கு வேற மாதிரியாக்கும்." சிரித்துக்கொண்டு திரும்பவும் காருக்கடியில் போய்விட்டார்.

மாங்குளத்தில் ஏ-9 ரோட்டோரம் இருந்த அந்தக் கராஜையும், அதன் முன்னால் ஒற்றைப் பம்போடு நின்ற பெற்றோல் செட்டையும் திலீபன் கோப்பிக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பனின் கராஜ். அவன் இருப்பது கனடாவில். தாங்கிக்குள் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாத பம்புக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து, தேய்ந்த ரயர்களைச் சுவரில் மாட்டி, படமெடுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கில் இதயக்குறி விழுந்தது. 'ஆ, அந்தக் காலம்!' என்று ஆட்கள் எழுதினார்கள். எந்தக் காலம் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

"தங்கச்சி, உள்ள வந்தவுடன அந்தக் காலத்து வாசம் வரவேணும், விளங்குதோ?" என்று போனில் சொல்வான்.

"அந்தக் காலத்து வாசமெண்டால் பிணமும் மண்ணெண்ணையும்தான் அண்ணை. போத்தலில அடைச்சு விக்கட்டோ?"

அவன் பகிடியென்று நினைத்துச் சிரிப்பான். அவள் வரலாற்றில் சிறப்புப் பட்டம். பரம்பரையில் முதல் பட்டதாரி. மூன்று வருசம் வேலையில்லாமல் திரிந்துவிட்டு, இங்கே முகாமையாளர் என்ற பெயரில் கராஜ் கூட்டினாள். வேறு வேலை கிடைக்காமல் வந்தாள் என்றுதான் ஊர் நினைத்தது. அது பாதி உண்மை.

மற்றப் பாதி, அந்தக் குழி.

காரை மேலே நிற்பாட்டிவிட்டு மெக்கானிக் கீழே நின்று வேலைசெய்கிற குழி. ஆளுயரம், சவப்பெட்டி மாதிரி ஒடுக்கம், ஒரு பக்கம் ஐந்து படி. சண்டை முடிந்த கையோடு யாரோ மண் போட்டு மூடியிருந்தார்கள். அப்படியே கொங்கிறீட் போட்டு மேசை வைப்போம் என்று அவள் திலீபனோடு சண்டை பிடித்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. குழியைத் தோண்டி, உள்ளே லைற் போட்டு, மேலே தடித்த கண்ணாடி பதித்தால் சனம் அதில் நின்று படமெடுக்குமாம்.

முந்தாநாள் தோண்டினார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை ஒவ்வொரு மண்வெட்டி மண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்பானர் வந்தது. ஒரு சேலைன் போத்தல் வந்தது. வேறொன்றும் வரவில்லை. எலும்பு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். நிம்மதியால் அல்ல. அவன் இங்கே இல்லையென்றால், எங்கே?

இரண்டாயிரத்து எட்டு, கார்த்திகை மழை. அவளுக்கு ஒன்பது வயது, தம்பி சுஜிதனுக்கு ஆறு. அப்பா பரமலிங்கம் இந்தக் கராஜில்தான் வேலை. பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் வன்னியில் பெற்றோலை மருந்து மாதிரித்தான் பாவிப்பார்கள். சேலைன் போத்தலால் நாலு துளியை எஞ்சினுக்குள் பீச்சி அதை எழுப்பவேணும். எழும்பினதும் மண்ணெண்ணெயில் ஓடவேணும். ஓடுகிற எஞ்சினை நிப்பாட்டக்கூடாது. திரும்ப எழுப்ப அந்த நாலு துளி கிடையாது.

கராஜில் வேறே பங்கர் வெட்டவில்லை, குழிதான் பங்கர். அம்மா பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்தான் போட்டிருந்தா. காதைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும். சத்தம் நிண்டாப்பிறகுதான் வெளியில வரவேணும். சுஜிதன் சொன்னதைச் செய்கிற பிள்ளை.

அன்றைக்கு முதல் ஷெல் ஸ்ரேஷன் பக்கம் விழுந்தது. அடுத்தது கிட்ட விழுந்தது. இதே மாதிரியான ஒஸ்ரின் ஏ-40 கார் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா முன் சீற்றில், மடியில் அரிசி மூட்டை, கழுத்தைத் திருப்ப வழியில்லை. யதுர்ஷிகா பின் சீற்றில். அப்பா திரும்பாமலே கத்தினார்.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

பின் கண்ணாடிக்குள்ளால் குழி நேரே தெரிந்தது. உள்ளே, மேல் படியில் தம்பி இருந்தான். மடியில் பம்பரம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அவளைத்தான் பார்த்தான். சத்தம் நிற்கட்டும் என்று இருந்தான். எஞ்சின் சத்தம்.

இல்லையென்று சொன்னால் அப்பா இறங்குவார். பத்து விநாடி. அதற்குள் அடுத்தது விழும்.

"ஓம் அப்பா. தம்பியும் ஏறிட்டான்."

பாலத்தடியில் சனநெரிசலில் கார் நின்றபோதுதான் தம்பி இல்லாததை அம்மா பார்த்தா. குழறினா. "இப்ப இதிலதான் இறங்கினவன்," என்றாள் யதுர்ஷிகா. அப்பா அங்கேயே தேடப் போனார். அவரும் வரவில்லை. அன்றிலிருந்து எத்தனை விசாரணை, எத்தனை படிவம்! எல்லாவற்றிலும் ஒரே வரி: கடைசியாகக் கண்ட இடம், பாலத்தடி. அம்மா இரஞ்சிதம் கிளிநொச்சியில், காணாமல்போனோரின் உறவுகள் போராடுகிற ரோட்டோரக் கொட்டகையில் இரண்டு படத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறா.

மூன்றரைக்கு யஹ்யா கை கழுவினார்.

"அஸர் தொழுதிட்டு வாறன். நாலரைக்குக் கண்ணாடிக்காரங்க வருவாங்க. குழியை ஒருக்காக் கூட்டி வையுங்க பிள்ளை. நான் இனி அதுக்குள்ள இறங்கமாட்டன்."

"ஏன் நானா, பயமோ?"

"பயமில்ல." துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "காலம்பற இறங்கினன். பஸ்ஸில ஆள் இருக்கிற சீற்றில போய் இருந்தமெண்டால் ஒரு மாதிரி இருக்குமே. அப்படி இருந்திச்சு."

மோட்டர்சைக்கிள் சத்தம் தேய்ந்து போனது. வெயில் தகரத்தை முறுக்க, தகரம் முனகியது. வேப்பமரத்தில் காகமொன்று கத்த வாயைத் திறந்துவிட்டுக் கத்தாமலே பறந்தது. போன் அடித்தபோது அவள் துள்ளி விழுந்தாள். அம்மா.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"பிள்ளை, விடியப்புறம் தம்பி கனவில வந்தவன். காதைப் பொத்திக்கொண்டு வந்து, அம்மா, சத்தம் நிண்டிட்டுதோ எண்டு கேக்கிறான். என்ன சத்தமடி அது?"

யதுர்ஷிகா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இஞ்ச, நீதானே அவனைக் கடைசியாக் கண்டனி," என்றா அம்மா. குரல் கெஞ்சியது. "ஒருக்கா யோசிச்சுச் சொல்லு மோனை. எனக்கும் வயசு போகுது. பாலத்தடியிலதானே?"

இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நாலு சொல். அம்மா தாங்குவாவோ தாங்கமாட்டாவோ, அது பிறகு. குழி அவளுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"ஓம் அம்மா. பாலத்தடியிலதான்."

போனை வைத்தாள். அப்போதுதான் அந்த அமைதியைக் கேட்டாள். ரோட்டில் வாகனமில்லை. தகரமும் முனகவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் நின்றுவிட்டது.

குழிக்குள் ஏதோ சரசரத்தது. மண்ணில் குந்தியிருந்தவன் எழும்புகிற மாதிரி. பிறகு முதற்படியில் ஒரு காலடி. சின்னக் கால். ஈரக் கால். இரண்டாவது படி. மூன்றாவது.

அவள் ஓடினது வாசலுக்கல்ல, காருக்கு. திறப்பைத் திருகினாள். எஞ்சின் இருமி, உதறி, எழும்பியது. காலால் அமத்தினாள். கராஜ் அதிர்ந்தது. மண்ணெண்ணெய்ப் புகை முகத்திலடித்தது. சத்தம் இருக்கும்வரைக்கும் வரமாட்டான். அவன் சொன்னதைச் செய்கிற பிள்ளை.

காலடி நின்றது. இறங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ தெரியாது. கால் விறைத்தபோது பெடலை விட்டாள். எஞ்சின் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. கை பிறேக்கை இறுக்கி இழுத்துவிட்டு இறங்கினாள். எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தாள்.

குழி வெறுமையாகக் கிடந்தது. அடியில், மூலையில், ஒரு பம்பரம்.

நீலக் கோடு போட்ட பம்பரம். கயிறு சுத்தினபடி. நாலரைக்கு இதன் மேல் கண்ணாடி வரும், பிறகு லைற் எரியும், சனம் குனிந்து படமெடுக்கும். அந்தப் படம் அம்மாவின் போனுக்கும் போகும். அம்மா அதை அடையாளம் காண ஒரு விநாடி போதும். பிறகு கேட்பா. பாலத்தடியிலதானே எண்டனி?

எடுத்துவிடவேணும். அவ்வளவுதான். ஐந்து படி. பத்து விநாடி.

இறங்கினாள். மண் குளிர்ந்தது. குனிந்து பம்பரத்தை எடுத்தாள். ஈரமாக, கைச்சூட்டோடு இருந்தது. யாரோ இவ்வளவு நேரமும் பொத்தி வைத்திருந்த சூடு.

வெளிச்சம் போனது.

நிமிர்ந்தாள். மேலே காரின் அடிவயிறு. எண்ணெய்க் கறை. உருண்டு வந்து குழியை மூடிக்கொண்டு நின்றது. கத்தினாள். எஞ்சின் அந்தக் குரலைத் தின்றது. படிப் பக்கம் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் இரண்டு கால் தெரிந்தது. சின்னக் கால். சேறு. பின் கதவு திறந்தது. கால்கள் ஒவ்வொன்றாய் உயர்ந்தன. ஸ்பிறிங் கொஞ்சம் தாழ்ந்தது. கதவு அடித்துச் சாத்தியது.

மேலே ஒரு குரல். திரும்பாமல் கத்துகிற குரல்.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

"இல்லை!" என்று கத்தினாள். "அப்பா, இல்லை! நான் இஞ்ச!"

"ஓம் அப்பா," என்றது பின் சீற்றிலிருந்து ஒரு சின்னக் குரல். "அக்காவும் ஏறிட்டா."

கார் நகர்ந்தது. வெளிச்சம் வந்தது. கார் வாசலுக்குப் போய்விட்டது, ஆனால் அதன் சத்தம் போகவில்லை. குழிக்குள்ளேயே நின்றது. காதைப் பிளந்தது. படிக்குப் போகக் காலை எடுத்தாள். கால் எழும்பவில்லை. சத்தம் நிற்கவேணும். முதலில் சத்தம் நிற்கவேணும்.

குழியின் விளிம்பில் யஹ்யாவின் செருப்பு வந்து நின்றது. பக்கத்தில் இன்னும் நாலு பேரின் கால். அமைதியான இடத்தில் கதைப்பது மாதிரித்தான் அவர் கதைத்தார்.

"காரை வாசலில விட்டிட்டு எங்க போச்சுது இந்தப் பிள்ளை?" குனிந்தார். அவள் முகத்தை நேரே பார்த்தார். கண் அவளில் தங்காமல் சுவரிலிருந்து சுவருக்குப் போனது. "ஒண்டுமில்ல. நல்லாத்தான் கூட்டியிருக்கு. நீங்க கண்ணாடியைக் கொண்டு வாங்க."

நாலு பேர் தூக்கி வந்தார்கள். தடித்த கண்ணாடிக்கூடாகக் கூரை பச்சையாய்த் தெரிய, குழி ஒரு முனையிலிருந்து மூடிக்கொண்டு வந்தது.

அவள் மூலையில் குந்தியிருந்தாள். மடியில் பம்பரம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, சத்தம் நிற்கட்டும் என்று இருந்தாள்.