விதை தொண்ணூற்று மூன்று

அம்மாவுக்கு ஐந்தாவது முறையும் நாலு விழுந்ததை முதலில் கவனித்தது வாலுதான்.

"நீ அழுகுணி ஆட்டம் ஆடுறம்மா. எனக்கு ஒண்ணு, ரெண்டுன்னு மாறி மாறி விழுது. உனக்கு மட்டும் நாலு, நாலு, நாலு."

அதற்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் வாலு. நில் என்றால் ஓடும். ஓடு என்றால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பாம்பும் ஏணியும் ஆட்டத்தின் பகடையை, ஆழம் பார்க்கிறேன் என்று குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் போட்டதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தும் அம்மா, தான் படித்த காலத்துக் கிராஃப் வரையும் கால்குலேட்டரை அலமாரியிலிருந்து தோண்டியெடுத்து, இயந்திரத்துக்கு நேராகப் புரியும் அசெம்பிளி மொழியில் ஒரு பகடை எழுதிக்கொடுத்தாள்.

இயந்திரத்துக்குக் குருட்டாம்போக்கு என்பதே தெரியாது. ஓர் எண்ணை விதையாகக் கொடுத்தால் அதை அரைத்துப் பகடை எண்ணாக நீட்டும்; அதே விதைக்கு எப்போதும் அதே பகடைதான். அதனால் விதையை மனித விரலிடம் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே ஓர் எண்ணி பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை, ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை சுழன்றுகொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கும் கணத்தில் அது எங்கே நிற்கிறதோ அதுதான் விதை. எவ்வளவு தேர்ந்த விரலானாலும் அதைத் தொடர்ந்து ஒரே இடத்தில் நிறுத்த முடியாது. காலையில் சோதனைக்காக மட்டும் அவள் விரலை நம்பாமல், விதை தொண்ணூற்று மூன்று என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட்டாள்.

அழித்தாளா? நிரலைத் திறந்து மேலிருந்து கீழே வரை பார்த்தாள். அந்த வரி இல்லை. விதையையும் திரையில் காட்டும்படி மாற்றிவிட்டு அமுக்கினாள். தொண்ணூற்று மூன்று. பகடை நாலு.

"ஏங்க, இதைக் கொஞ்சம் அமுக்குங்க."

நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த கணவன் மூன்று முறை அமுக்கினான். பதினேழு, இருநூற்று நாலு, ஐம்பது. வாலு அமுக்கியது. அறுபத்தாறு, எட்டு, நூற்று முப்பத்தொன்பது. அவள் அமுக்கினாள். தொண்ணூற்று மூன்று.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? காலையில நீ போட்டதுதான் முளைக்குது, டீச்சரம்மா," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கால்குலேட்டரைச் சமையலறைக்கு எடுத்துப்போய், குளிர்சாதனப் பெட்டியின் ஒரே சீரான முனகலும், ஊறிய துணி வாடையும், ஜன்னல் கம்பியிலிருந்து தொட்டியில் விழும் மழைச்சொட்டின் சத்தமும் சூழ்ந்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள், முழங்கையால் அமுக்கினாள், அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டுச் சட்டென்று திரும்பி வந்து அமுக்கினாள், ஒரு பென்சிலைப் பொத்தானின் மேல் நழுவவிட்டும் பார்த்தாள். எல்லாமே தொண்ணூற்று மூன்று. அவள் எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பாள் என்பது அவளுக்கு முன்பே அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது. மழைச்சொட்டு தன் மூச்சோடு சேர்ந்தே விழுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள். மூச்சை அடக்கினாள். சொட்டு நின்றது.

வரி அழியவில்லை. நிரலிலிருந்து அவளுக்குள் இடம் மாறியிருக்கிறது.

கூடத்துக்கு வந்தபோது வாலு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி அமுக்கியது.

"ஹை, எனக்கும் நாலு."

திரையில் தொண்ணூற்று மூன்று.

"வாலு, உள் அறைக்குப் போய் அமுக்கிப் பாரு."

"ஏன்?"

"போ."

ஏன், எதற்கு என்று இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போனது. அந்த நாலு கேள்வியும் அவள் வயிற்றில் பால் வார்த்தன. உள்ளிருந்து குரல் வந்தது. "இருநூத்திப் பன்னெண்டு."

அவள் உள் அறையின் வாசல்வரை போனாள். "இப்போ?"

"தொண்ணூத்தி மூணு."

பின்னுக்கு நகர்ந்தாள். சாப்பாட்டு மேசை வரை. "இப்போ?"

"முப்பத்தெட்டு."

அப்படியானால் தான்தான். தன் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. பெற்ற பிள்ளையிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்துகொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள். ஆனாலும் அளந்தாள். மறுபடி கேட்டாள். மேசையருகே நின்றபோதே தொண்ணூற்று மூன்று. வாசற்கதவுக்குப் போனாள். நூற்று ஒன்று. ஒரு நிமிடம் கழித்துத் தொண்ணூற்று மூன்று. அது அவளைத் தொடர்ந்து வரவில்லை. பரவிக்கொண்டிருந்தது.

"என்னங்க, எந்திரிங்க. வாலுவைத் தூக்கிட்டு எங்கேயாவது போயிடுங்க."

கணவன் அசையவில்லை. அவன் மார்பு ஏறி இறங்கியது. அவளுடைய மூச்சு ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கியது.

போக வேண்டியவள் அவள்தான். தூரமாக. தெருமுனைக்கு, அதற்கும் அப்பால்.

"வாலு, அம்மா வெளியில போயிட்டு வரேன். கூடத்துல சோபாவுல உக்காரு. எந்திரிக்கக் கூடாது. என் பின்னால வரக் கூடாது."

"சரிம்மா."

ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். கேட்டைத் தாண்டினாள். தெருவில் ஒருவரும் இல்லை. மழை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள்.

ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. வாலு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அணைந்து கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தது. சொன்ன இடத்தில். ஆடாமல்.

அவள் இடது கையால் நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்தாள்.

உள்ளே ஒரு சின்ன இடது கை எழுந்தது. ஈரமில்லாத நெற்றியைத் துடைத்தது.

கையை இறக்கினாள். அதுவும் இறங்கியது. வலது காதைத் தொட்டாள். தொட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கணம்கூட இல்லை.

"வாலு," என்றாள். "அம்மா சொல்றதைக் கேக்காதேடி. கண்ணு, கேக்கவே கேக்காதே."

தொலைக்காட்சியின் கறுப்புத் திரையில் குழந்தையின் முகம் தெரிந்தது. கண்கள் அகலத் திறந்திருக்க, நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் அசைந்தது. அம்மா சொல்றதைக் கேக்காதேடி. கண்ணு, கேக்கவே கேக்காதே.