மூன்று கைத் தலைவர்

இன்னும் சரியாக எழுபத்தோரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புள்ளி தன் சீட்டைப் பிரித்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும்.

சீட்டில் டீச்சரின் குண்டு எழுத்து: ‘வாளிக் கட்சி – வரலாறும் கொள்கைகளும். ஐந்து நிமிடம்.’

“உனக்குக் கவலையே இல்லைடி” என்றாள் பக்கத்தில் இருந்த தோழி. “உங்க அப்பாவே வாளிக் கட்சி ஆள். எனக்குப் பாரு, ‘நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது?’ எங்க வீடு எப்படி நடக்குதுன்னே எனக்குத் தெரியாது.”

புள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் வேறு, “வீட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்” என்று சொல்லிவிட்டார். அப்பா வருவார். மாமாவும் வருவார். மாமா குழாய்க் கட்சி.

புள்ளி என்பது மாமா வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது வயது பத்து. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவாள். படிகள், ஜன்னல் கம்பிகள், டீச்சர் ‘அமைதி’ என்று சொல்லும் தடவைகள், எல்லாம் அவளுக்குக் கணக்கு.

அப்பா பகலில் பூட்டு ரிப்பேர் செய்வார். மாலையில் வாளிக் கட்சி அலுவலகத்தைத் திறந்து உட்காருவார். மாமா அம்மாவின் தம்பி. பகலில் எலக்ட்ரீஷியன். மாலையில் குழாய்க் கட்சி அலுவலகம். இரண்டு அலுவலகங்களும் ஒரே தெருவில், எதிரெதிரே இருந்தன.

இருவரும் பத்து வருடமாக நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமா வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான்.

“உன் தம்பிகிட்ட ஃபேன் சத்தம் போடுதுன்னு சொல்லு” என்பார் அப்பா, அம்மாவிடம்.

“அக்கா, அத்தான்கிட்ட ஸ்க்ரூ டிரைவர் இருக்கான்னு கேளு” என்பார் மாமா.

இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அம்மா இல்லாத நேரத்தில் புள்ளிதான் தபால்காரி.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டும் பென்சிலுமாக அப்பாவின் அலுவலகத்துக்குப் போனாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“எழுதிக்கோ. அம்பது வருஷத்துக்கு முன்னாடி சந்தையில பெரிய தீ. குழாயில சொட்டுத் தண்ணி இல்லை. அப்போ ஒம்பது பேர் கிணத்துலேர்ந்து சந்தை வரைக்கும் வரிசையா நின்னு, வாளியைக் கை மாத்திக் கை மாத்தித் தீயை அணைச்சாங்க. அந்த வரிசைதான் நம்ம கட்சி.”

“கொள்கைப்பா?”

“தண்ணி எல்லாருக்கும் பொது. எரியறது யார் வீடுன்னு கேக்காம ஓடணும். வரிசையில பெரியவர் சின்னவர் கிடையாது. மூணே மூணு.”

நன்றாகத்தான் இருந்தது. புள்ளி எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அங்கே அந்த வரிசையின் பழைய புகைப்படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஒன்பது பேர். எல்லோருடைய கைகளும் வாளிப் பிடிகளில். கடைசியில் நின்றவர்தான் தலைவர், மணிக்கட்டில் ஒரு துணி கட்டியிருந்தார்.

வழக்கம்போல எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். நாற்காலி மேல் ஏறி நின்று மூன்றாம் முறை எண்ணினாள்.

“அப்பா, ஒம்பது பேருக்கு எத்தனை கை?”

“இது என்ன கேள்வி? பதினெட்டு.”

“இதுல பத்தொம்பது இருக்கு.”

உண்மைதான். கடைசி வாளியை, தலைவரின் இரண்டு கைகளோடு இன்னொரு கையும் பிடித்திருந்தது. கட்டம் போட்ட சட்டையின் கை. அதற்கு ஆள் இல்லை.

“வழியில போனவர் யாராவது கை குடுத்திருப்பார்” என்றார் அப்பா.

“யாருப்பா அவர்?”

“அவருக்கென்ன, போயிட்டார்.”

“படத்தோட ஓரம் ஏன் தடிப்பா இருக்கு? மடிச்சு விட்ட சட்டைக் கை மாதிரி?”

“பழைய படம்னா அப்படித்தான் இருக்கும். நேரமாச்சு, வீட்டுக்குப் போ.”

மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மாமாவின் அலுவலகம். மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாளிக் கட்சி வரலாறா? அதை எழுதணும்னா முதல்ல எங்களோடதை எழுதணும். அம்பது வருஷத்துக்கு முன்னாடி சந்தையில பெரிய தீ…”

புள்ளியின் பென்சில் நின்றது. “மாமா, அது அப்பாவோட தீ.”

“யாரு சொன்னா? எங்க தலைவர் தனி ஆளா நின்னு அணைச்ச தீ அது. எழுதிக்கோ. வரிசையில பெரியவர் சின்னவர் கிடையாது. தண்ணி எல்லாருக்கும் பொது. எரியறது…”

“…யார் வீடுன்னு கேக்காம ஓடணும். இது அப்பா கட்சிக் கொள்கை மாமா!”

“எங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாங்க.”

“அப்பாவும் இப்படித்தான் சொல்வார்.”

“சொல்லுவார், சொல்லுவார்.”

தனி ஆள் என்றால் அவருக்கு வரிசை எதற்கு? புள்ளிக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. சுவரைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு பழைய புகைப்படம். கட்டம் போட்ட சட்டையோடு ஒரே ஒருவர், வாளியைப் பிடித்தபடி. இதை எண்ண நாற்காலி தேவைப்படவில்லை.

“மாமா, உங்க தலைவருக்கு மூணு கையா?”

மாமாவுக்குப் புரை ஏறியது. இருமி முடித்துவிட்டு, “அவர் மூணு ஆள் வேலையை ஒத்த ஆளா பாக்கறவர்” என்றார்.

“மூணாவது கையில மட்டும் துணி கட்டியிருக்காரே?”

“அதிக வேலை செஞ்ச கை.”

“தனியா நின்னா, வாளியை யார்கிட்டேர்ந்து வாங்கினார்?”

மாமா சட்டென்று எழுந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவைப் பிடித்தாள். அம்மா பஸ் கண்டக்டர்.

“ஒரே தீயை ரெண்டு கட்சி எப்படிம்மா அணைக்கும்? ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றாங்க?”

அம்மா விசிலைக் கழுத்தில் மாட்டினாள். “என்னை இழுக்காதே தாயே. ரெண்டு பேரும் என் பஸ்லதான் வர்றாங்க. ஒருத்தர் முன் சீட்டு, ஒருத்தர் பின் சீட்டு. நான் டிக்கெட் குடுக்கறதோட சரி.”

“உனக்குத் தெரியும்தானே?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள் அம்மா. பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நேரமாகிவிடுகிறது.

புள்ளி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். அப்பா சொன்னதைப் பேசினால் மாமாவின் முகம் வாடிவிடும். மாமா சொன்னதைப் பேசினால் அப்பா இரண்டு நாள் சாப்பிடும்போதுகூடப் பேச மாட்டார். கலந்து பேசினால் அவளுக்கே புரியாது. அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும். ஒருவரைக்கூட விட முடியாது.

மத்தியானம் வரை யோசித்தாள். அவளுக்கு உறுதியாகத் தெரிந்தவை மூன்றே எண்கள்தான்: ஒன்பது பேர், பத்தொன்பது கை, ஒருவர், மூன்று கை. இல்லை, நான்கு எண்கள்.

தெருவுக்கு ஓடினாள். “அப்பா, அந்தப் படத்தை நாளைக்கு வகுப்புக்குக் கொண்டு வரீங்களா?”

“என் தங்கமே! கொண்டு வராம?” அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருவைக் கடந்தாள். “மாமா, நீங்களும் உங்க படத்தைக் கொண்டு வரீங்களா?”

“கண்ணாடியைப் பளபளன்னு துடைச்சுக் கொண்டு வரேன்!”

திங்கட்கிழமை பத்து மணி. அப்பா வகுப்பின் வலது மூலையில் படத்தோடு நின்றார். மாமா இடது மூலையில் படத்தோடு நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவருமே மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

புள்ளி முன்னால் வந்தாள். நோட்டைப் பிரித்தாள்.

“எனக்கு வாளிக் கட்சி வரலாறு புரியலை” என்றாள்.

வகுப்பு சிரித்தது. “அமைதி” என்றார் டீச்சர். அன்றைக்கு ஏழாவது தடவை.

“அதனால நான் எண்ணினதை மட்டும் சொல்றேன். அப்பா, இந்த மேஜைக்கு வாங்க. மாமா, நீங்களும். படத்தைப் பக்கத்துப் பக்கத்துல வைங்க. இன்னும் கிட்ட. இன்னும்.”

இரண்டு சட்டங்களும் ‘டக்’ என்று இடித்துக்கொண்டன. இரண்டு தோள்களும்தான்.

“எல்லாரும் வந்து கையை எண்ணுங்க” என்றாள் புள்ளி.

வகுப்பே மேஜையைச் சூழ்ந்தது. “பதினேழு… பதினெட்டு… பத்தொம்பது!” “இந்தத் தாத்தாவுக்கு மூணு!” அப்புறம் தோழிதான் கத்தினாள்: “டீச்சர், ரெண்டு படத்துலயும் ஒரே வாளி! ஒரே இடத்துல நசுங்கியிருக்கு! அந்தக் கட்டம் போட்ட கை இவரோடது. துணி கட்டின கை அவரோடது!”

“அப்போ இது ஒரே படம்” என்றான் இன்னொருவன். “ஒம்பது பேர் இல்லை, பத்து பேர். ஓரத்தை யாரோ உள்ளே மடிச்சு வெச்சிருக்காங்க.”

“யாரு மடிச்சது?”

எல்லோரும் புள்ளியைப் பார்த்தார்கள். அவள் நோட்டைப் பார்த்தாள். நோட்டில் அது இல்லை.

“தெரியலை” என்றாள். “ரெண்டு பேருக்கும் கொள்கையும் ஒன்னுதான். எதுக்குப் பிரிஞ்சாங்கன்னும் தெரியலை. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே மடிச்சிட்டாங்க போல.”

வகுப்பில் டீச்சர் சொல்லாமலே அமைதி வந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். “டீச்சர், இவங்க மாமாகிட்ட சொல்லுங்க…” என்று ஆரம்பித்தார்.

“நான் இன்னைக்குத் தபால் கிடையாதுப்பா” என்றாள் புள்ளி மெதுவாக. “நான் இன்னைக்குப் பேச வந்தவ.”

அப்பா சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தன் படத்தைத் திருப்பி, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். ஆறு ஆணிகள். புள்ளி எண்ணினாள். பலகை கழன்றது. மடிந்திருந்த ஓரத்தை அவர் விரலால் நீவி நீவித் திறந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர் மெல்ல வெளியே வந்து, தலைவருக்குப் பக்கத்தில் நின்று, தன் வாளியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நிமிர்ந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு, நேராக மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

“நீ வாளிக் கட்சியை விட்டு அந்தப் பக்கம் போன அன்னைக்கு, கோவத்துல மடிச்சேன்” என்றார். “மடிச்சது நான்தான் மச்சான்.”

மாமா ஸ்க்ரூ டிரைவருக்காகக் கையை நீட்டினார்.

“என்னோடதை மடிச்சது நான்தான் அத்தான்.”