கடுகில் பாதி

நான்காவது தொட்டியும் காலியாக இருந்தது.

நேற்று மாலை பூதக்கண்ணாடி வழியே பார்த்தபோது, காசளவே இருந்த ஒவ்வொரு செடியின் நடுவிலும் பச்சைச் செதில்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. ஜெம்மா. விதையல்ல, மண்ணில் வைத்தால் தாயைப் போலவே முளைக்கும் துணுக்கு. கடுகில் பாதிகூட இருக்காது. பகல் குறுகும் இந்த இரண்டு மாதம்தான் வரும். பூச்சி தின்னும் செடிகளிலேயே இந்தக் குட்டி ரகம்தான் அவளுக்கு உயிர். போன வருடம் வேர் அழுகியதில் மிஞ்சியவை ஐந்தே தொட்டிகள். விதை பிடிக்காத ரகம். ஜெம்மா போனால் வம்சமே போனது. இன்று செடிகள் அப்படியே இருந்தன, ஜெம்மா மட்டும் காணோம்.

மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் ஜெம்மா தெறித்து ஓடும். தெறித்திருந்தால் அறையின் கண்ணாடிச் சுவரிலோ தரையிலோ ஒன்றாவது ஒட்டியிருக்க வேண்டுமே. மண்டியிட்டு, டார்ச் அடித்துத் தேடினாள். ஒன்றுமில்லை. யாரோ பல்குச்சியின் நுனியை நனைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்திருக்கிறார்கள்.

கணவருக்குத் தன் சட்டைப் பொத்தானையே கண்டுபிடிக்கத் தெரியாது. மீதி இருப்பது நாத்தனார். பத்து நாள் இருக்கிறேன் என்று வந்தவள், மூன்று மாதமாகிறது.

"கண்ணாடி ரூமுக்குப் போனியா?"

"உங்க கடுகுத் தோட்டத்துக்கா?" நாத்தனார் சிரித்தாள். "எனக்கென்ன வேலை அண்ணி அங்க? நீங்க கூப்பிட்டாதானே வருவேன்."

அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. செய்ததையும் செய்துவிட்டு நையாண்டி வேறு.

நாத்தனார் குளிக்கப் போனதும் அவளுடைய அறைக்குள் நுழைந்தாள். அலமாரியில் துணி, மெத்தைக்கடியில் பழைய கடிதங்கள். தலையணையைத் தூக்கியதும் வாடை அடித்தது. தொட்டிகளில் போடும் பாசி மண்ணின் புளித்த ஈர வாடை. உறையில் பழுப்பாக ஒரு கறை. உறையை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை முகர்ந்தாள். சொல்ல வெட்கமான ஒரு திருப்தி. இவர் வரட்டும். இன்றைக்கே பெட்டியைக் கட்ட வைக்கிறேன்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பேச்சே இருக்காது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கண்ணாடி அறையின் மூலையில் நாற்காலி போட்டு, ஐந்தாவது தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு இலை மயிரின் நுனியிலும் பசைத்துளி சிவப்பாக மின்னியது. தட்டுகளில் தண்ணீர் ஊறும் மெல்லிய ஓசை, எங்கோ ஒரு கொசுவின் ரீங்காரம், தன் மூச்சு. கண்ணை எடுக்கவில்லை. இமைத்தாள், அவ்வளவுதான்.

வெயில் போயிருந்தது.

தொட்டி காலி.

முன்னால், முக்காலியில், யாரோ. முதுகு காட்டி. நாத்தனார்.

எப்போது வந்தாள்? கதவு திறந்த சத்தமே இல்லையே.

கத்த வாயெடுத்தாள். நாத்தனார் தலையைக் குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பேன் பார்க்கக் காட்டும் பிள்ளையைப் போல. வகிடு சிவந்திருந்தது. புண்ணோ? குனிந்து பார்த்தாள்.

செடிகள்.

நெற்றியிலிருந்து உச்சிவரை. நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசை. முன்னால் இருந்தவை விரிந்து, சிவந்து, பசைத்துளிகளோடு. பின்னால் வரவரப் பச்சை. கடைசியில் இருந்தவை இன்னும் வேர்விடாத வெறும் செதில்கள். ஈரமாக.

தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களுக்கிடையில் பல்குச்சி. நுனியில் ஒரு செதில்.

"என்ன அண்ணி, நிறுத்திட்டீங்க?" நாத்தனாரின் குரலில் தூக்கம் இருந்தது. "பின்பக்கம் இன்னும் பாக்கி இருக்கே."

இரண்டு கைகளாலும் பின்னலைத் தூக்கிப் பிடித்து, பிடரியைக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்த ஒற்றைச் செடியில் ஒரு கொசு சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. இலை மெதுவாக அதன்மேல் மடிந்தது. மடிய மடிய, சுற்றியிருந்த தோல் சுகமாகச் சிலிர்த்தது.