கீழ் அலுமாரிக்குள் ஒரு கேத்தில்

விடிந்ததும் விடியாததுமாக மாமி மடியில் பையை வைத்துக்கொண்டு, சில்லுக் கதிரையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மகள் லீலாதேவி வந்து கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். மருமகள் கமலாசனிக்கு அந்தப் பையைப் பார்க்கவே பொறுக்கவில்லை. காலிழந்த மாமியாரை வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்ற பெயரல்லவா நிற்கும்!

சாவகச்சேரியில் விழுந்த ஷெல் மாமியின் வலது காலைக் கொண்டுபோயிருந்தது. கண்டிக்கு வந்த நாள் முதல் அவருக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்தன. அதுதான் அவரை அரித்தது. "ஊருக்கே தேத்தண்ணி ஊத்தின கை... இப்ப வாங்கிக் குடிக்க மட்டும்தான்" என்று அவர் சாமிப் படத்திடம் முறையிட்டதைக் கமலாசனி ஒருநாள் கேட்டுவிட்டாள். மறுநாளே மடவளையிலிருந்து வயரிங் வேலை செய்யும் நளீரை வரவழைத்தாள்.

காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால், தனக்காகச் சுவரை உடைக்க வேண்டாமென்று மாமி தடுத்துவிடுவார். வாடகை வீட்டுக் குசினியில் அடுப்புத் திட்டுக்கு மேலே இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ட். நின்றால் மட்டும் எட்டுகிற அதைக் கழற்றி, நளீர் கீழ் அலுமாரிக்குள் பொருத்தினான். தூசிக்காகக் குசினிக் கதவு இரண்டு நாளும் சாத்திக் கிடந்தது. தன் முகத்தில் அடித்துச் சாத்திய கதவென்று நினைத்துக்கொண்டு மாமி மகளுக்கு அறிவித்துவிட்டார்.

லீலாதேவி வந்த வேகத்தில் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கேத்திலையும் அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டீங்களோ மச்சாள்? ஒரு வாய் தேத்தண்ணிக்கும் அம்மா உங்களைக் கெஞ்ச வேணுமோ?"

கமலாசனியின் கணவன் விவேகானந்தன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. லீலாதேவியின் பேச்சைவிட அந்த மௌனம்தான் அவளைச் சுட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியின் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். கதிரையைக் குசினிக்குள் தள்ளிப்போய்க் கீழ் அலுமாரியைத் திறந்து, தட்டை வெளியே இழுத்தாள். கேத்தில், தேயிலை, சீனி, கோப்பை எல்லாம் மாமியின் மடி உயரத்தில் இருந்தன.

"கையை நீட்டுங்கோ மாமி..."

நீட்டினார். எட்டியது. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் இத்தனை வருடம் குப்பி விளக்கோடு இருந்த மனுசி, தயங்கித் தயங்கிச் சுவிச்சைத் தட்டினார். கேத்திலில் சிவப்பு வெளிச்சம் பற்றியது.

தண்ணீர் கொதித்ததும் மாமி தேயிலைச் சாயம் பார்த்து ஊற்றினார். முதல் கோப்பை மகளுக்குமில்லை, மகனுக்குமில்லை.

"இந்தா பிள்ளை, நீ குடி." பிறகுதான் மேலே, பழைய பிளக் இருந்த இடத்தில் புதுச் சீமெந்து பூசிய சுவரைக் கண்டார். "அப்ப... நீ ஒவ்வொருக்காலும் குனியவெல்லோ வேணும்?"

"குனிஞ்சா என்ன மாமி."

மாமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மி அழுதார். கோப்பையிலிருந்த தேநீர் இருவர் மேலும் சிந்தியது.

"நீ ஏன் குனிய வேணும்? இந்த வீட்டுத் தேத்தண்ணி இனி என்ர வேலை."

விவேகானந்தன் தலை குனிந்தபடி குசினி வாசலில் வந்து நின்றான். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சாவகச்சேரி வீட்டை ஆண்ட பழைய குரல் திரும்பியிருந்தது.

"லீலா, அந்தப் பையைக் கொண்டுபோய் என்ர அறையில வை. தம்பி, நீயும் கேள். ரெண்டு பேரும் இவளிட்டைச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி."

சொல்லிவிட்டு, கேத்திலில் மீண்டும் தண்ணீரை நிரப்பினார்.