பூமாரியிடம் கேட்ட கேள்விகள்

"செண்பகம்! காப்பி ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு. அந்தக் கையால போட்டது எனக்கு வேண்டாம்னும் சேத்துச் சொல்லு!"

'அவள்' ஒன்றும் அடுத்த தெருவில் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பம்பாய்த் தாராவியில் அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் மாமியார் பார்வதியம்மாள், மருமகள் பூமாரியோடு நேருக்கு நேர் பேசி மூன்று வருஷமாகிறது. எதுவானாலும் மகள் செண்பகவல்லி வழியாகத்தான் போகும், வரும்.

செண்பகத்துக்குச் சின்ன வயதிலிருந்தே எப்போதாவது வலிப்பு வரும். மூன்று வருஷத்துக்கு முன் அதை மறைத்து, நிச்சயதார்த்தம் வரைக்கும் ஒரு சம்பந்தத்தைக் கொண்டுபோயிருந்தாள் பார்வதியம்மாள். கடைசி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்து எல்லாம் முறிந்துபோயிற்று. மாட்டுங்கா பூக்கடை வாசலில் மாப்பிள்ளையின் அக்காவோடு பூமாரி நின்று பேசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? "நான் சொல்லல அத்தே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் பூமாரி. பிறகு வாயே திறக்கவில்லை.

இப்போது கோவண்டியிலிருந்து புதிதாக ஒரு வரன் வந்திருந்தது. "இவ இங்க இருந்தா இதுவும் விளங்காது. ஊருக்கு ஏத்திவிட்டுருலே!" என்று மகனைப் பிடுங்கி எடுத்துவிட்டாள் பார்வதியம்மாள். பட்டறையில் லேத் ஓட்டும் வானமாமலை பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கு ரயிலு. பெட்டியக் கட்டு" என்றான். திரும்பக் கூப்பிடுவான் என்ற பேச்சே இல்லை. அவளும் கட்டிவிட்டாள். கயிறு போட்ட தகரப்பெட்டி கதவோரம் இருந்தது.

இந்தக் கவலையெல்லாம் இல்லாமல் வேறொன்றுக்காகத் தவித்தது கொழுந்தன் நம்பிராஜன்தான். ஆபீஸ் வேலைக்கு முன்னால் காலேஜுக்குப் போய் மனோதத்துவம் படிக்கிறவன். யாராவது ஒருவரின் குணத்தைச் சோதித்துப் பரீட்சைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போகவேண்டும்.

"மதினி, நீங்க நாளைக்குப் போயிட்டா நான் யாரப் புடிப்பேன்? செத்த நேரம் உக்காருங்களேன்."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தம்பி."

"நான் தமிழ்ல கேப்பேன். ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும். இதுல பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது."

சோதனையைத் தனியறையில் வைத்து நடத்தவேண்டும் என்பது விதி. அந்த வீட்டில் தனியறை என்றால் கொடியில் குறுக்கே போடும் சேலைதான். அதற்குப் பின்னால் உடை மாற்றுவார்கள், புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வார்கள், அழுவார்கள். இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவார்கள். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற அந்தச் சாலில் எல்லா வீட்டிலும் அதுதான் மரியாதை. நம்பிராஜனும் இங்கிலீஷ் கேள்வித்தாளோடு உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டதும் தனியறை ஆகிவிட்டதாகவே நம்பினான்.

"நாலு பேருக்கு நடுவுல இருக்கும்போதும் தனியா இருக்காப்ல தோணுதா?"

பூமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது இவனுக்கு எப்படித் தெரியும்...?

"ஆமா."

"சில நாள் காரணமே தெரியாம மனசு சோந்து போகுதா?"

"...ஆமா."

அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கோ சீமையில் அச்சடித்த காகிதம்! தாராவியில் ஒருத்தியின் அடிவயிற்றில் கிடப்பதை அது எப்படிக் கேட்கிறது? இந்த வீட்டுக்கு வந்த நாளாக, குழாயில் தண்ணி வந்துச்சா, சட்டையைத் தோய்ச்சியா என்றுதான் அவளைக் கேட்டிருக்கிறார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டார்கள்? கோயில் சந்நிதியில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்தக் காகிதத்திடம் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"எப்பவாவது பொய் சொன்னதுண்டா?"

"உண்டு தம்பி."

"யாரையாவது அடிச்சிரலாமான்னு கோவம் வந்ததுண்டா?"

"ஆமா... உங்கம்மா மேலயே வந்திருக்கு."

"அடுத்தவங்களப் பத்திப் பொறணி பேசுனதுண்டா?"

"குழாயடிக்குப் போயிட்டுப் பேசாம வர முடியுமா? ஆமா."

"ஒருத்தர் நம்பிச் சொன்ன ரகசியத்த வெளிய விட்டதுண்டா?"

சேலைக்கு அந்தப் பக்கம் பார்வதியம்மாள் அரிசி புடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இல்ல" என்றாள் பூமாரி.

மறுநொடி சேலை கொடியோடு அறுந்து வந்தது!

"அடிப்பாவி! கேட்டியாலே வானமாமல! பொய் சொல்லுவாளாம், பொறணி பேசுவாளாம், என்னைய அடிக்கணும்னுகூட நெனச்சாளாம்! எல்லாத்தையும் ஒத்துக்கிட்டவ, எம் மக வாழ்க்கையக் கெடுத்தத மட்டும் இல்லங்கா பாரு! நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே ஏத்திவிடு!"

பாயில் படுத்திருந்த வானமாமலை எழுந்து பெட்டிப்பக்கம் போனான். பூமாரியின் கண்ணீர் மடியில் சொட்டியது.

"எம்மா!" என்று கத்தினான் நம்பிராஜன். அந்த வீட்டில் அவன் குரல் அப்படி உயர்ந்ததே இல்லை. "சேலைக்குப் பின்னால பேசுனதுக்கு நீ எப்படி வாயத் தொறக்கலாம்? தொறந்துட்டல்ல... இப்ப முழுசாக் கேளு! பொய், கோவம், பொறணி... இந்த மூணு கேள்வியும் வேணும்னே வச்சது. உலகத்துல பொய்யே சொல்லாத மனுசன் உண்டா? 'நான் சொன்னதே இல்ல'ன்னு எவன் சொல்லுதானோ அவன் நல்லவன் வேசம் போடுதான்னு கணக்கு. எங்க கிளாஸ்ல எல்லாரும் ஒரு கேள்விக்காவது வேசம் போட்டோம். நானுந்தான் போட்டேன். மதினி ஒண்ணுத்துலகூட போடலம்மா! நீ அந்தப் பக்கம் இருக்கன்னு தெரிஞ்சும் போடல!"

"அதனால...?"

"உனக்கு முன்னாலயே உம்மேல கோவம்னு ஒத்துக்கிட்டவங்க, கடைசிக் கேள்விக்கு மட்டும் ஏன் ஒளிக்கணும்? இத சாட்சின்னு நான் சொல்லல. அப்படிச் சொல்லக்கூடாதுன்னுதான் வாத்தியார் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. ஆனா இப்படி ஒரு மனச நான் பாத்ததில்ல..."

பூமாரி நிமிர்ந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தெய்வம்கூடச் சொல்லாததை அது சொல்லிவிட்டதே!

மூலையில் டம்ளர் உருண்டது.

"நான்தாம்மா!" செண்பகம் ஓடிவந்து பூமாரியின் காலைக் கட்டிக்கொண்டாள். "அந்த அக்காவக் கோயில்ல பாத்துச் சொன்னது நான்தான்! மறச்சுக் கட்டிவச்சு, அங்க போயி நான் விழுந்தா எங் கதி என்ன? மதினி தொணைக்கு வந்ததோட சரி. பூக்கடைகிட்ட அந்த அக்காவ நிறுத்தி, 'எங்க பிள்ளையத் தப்பா நெனைக்காதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. அதத்தான் ஊரு பாத்துச்சு! நீ அடிச்சா எனக்கு வலிப்பு வந்துரும்னு எனக்காக வாய மூடிக்கிட்டாவ... நானும் பயந்துக்கிட்டு அவுகளப் பலி குடுத்துட்டேனே! இந்த வரனுக்கும் நானே சொல்லத்தான் போறேன். இப்ப அடி, கொல்லு!"

பூமாரி அவள் தலையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "அழாத தாயீ... அழுதா உனக்கு ஆகாது."

வானமாமலை பெட்டிமுன் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகிக் கிடந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பூமாரி..." என்றான்.

"நீங்க கேக்கலியே..." என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

பார்வதியம்மாள் அறுந்து வந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு மெல்ல வந்து மருமகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். செண்பகத்தைக் கூப்பிடவில்லை.

"ஏட்டி பூமாரி... காலையிலருந்து ஏதாச்சும் சாப்பிட்டியாட்டி?"

சாப்பிட்டேன் அத்தே என்றுதான் எந்த மருமகளும் சொல்லியிருப்பாள். பூமாரி முதுகை நிமிர்த்தி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இல்ல அத்தே" என்றாள்.

"ஐயோ, எம் மவளே!" என்று அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கதறினாள் பார்வதியம்மாள்.