ஏழாவது குரல்

ஆறு பெயர்களைத்தான் பாடினார்கள். ஏழு பதில்கள் வந்தன.

ஆர்மோனியத்திலிருந்து அவள் கையை எடுத்தாள். மெட்டுப் போட்டவள் அவள்தான். எண்ணிக்கை அவளுக்குத் தப்பாது. செத்த கணவனை மீட்கப் பாதாளத்துக்குப் போகும் பெண்ணின் பழைய இசை நாடகத்தை, இசைக் கல்லூரி மாணவர்கள் இந்தப் போருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பாதாளம் இப்போது பதுங்குகுழி. செத்த சிப்பாயின் பெயரைப் பாடினால், மேடைக்கடியில் இருப்பவன் 'இதோ வந்தேன்' என்று நாலு சுரத்தில் பாடியபடி ஏணியில் ஏறி வரவேண்டும்.

மெட்டுப் போட்ட நாளில் ஏழாவது சிப்பாய்க்குப் பெயர் அமையாமல் இழுத்தடித்தது. மெட்டு நிற்பதற்காகத் தம்பியின் செல்லப்பெயரைப் போட்டு வைத்தாள். குருவி. தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. தம்பி போர்முனையில் இருக்கிறான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒரு மாதமாக அவனிடமிருந்து தகவல் இல்லை. இன்றுதான் மனசு கேட்காமல் பெயரை அடித்துவிட்டு, ஏழாவது பையனையும் வீட்டுக்கு அனுப்பினாள்.

"நீ சரியா தூங்கலை. அதான் காதுல என்னென்னமோ கேக்குது," என்றான் நாடகத்தை இயக்கும் வகுப்புத் தோழன். "மறுபடி போவோம்."

குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள் சாயங்கால வெயிலை அடைத்திருக்க, மேடைப் பலகைகளின் இடுக்கிலிருந்து ஈரமண் வாடையும் அதற்கடியில் கருகிய துணியின் வாடையும் மெல்ல ஏறி வந்து அவள் தொண்டையில் படிந்தன. ஆறு பெயர்கள். ஆறு பேரும் மேலே வந்து வரிசையாக நின்றார்கள். கீழே இனி யாரும் இல்லை.

ஏழாவது இடம். வெறும் தாளம்.

"இதோ வந்தேன்."

கரகரத்த குரல். அவளுக்குத் தெரிந்த குரல். ஏணி முனகியது. ஒரு படி. இன்னொரு படி. பிறகு நின்றது. ஆறு பேரும் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். தோழனுக்கும் இப்போது கேட்டிருந்தது.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"தம்பி வந்துட்டான்டி." அம்மா அழுதாள், சிரித்தாள். "வாசல்ல நிக்கிறான். உடம்பெல்லாம் மண்ணு. வாயே திறக்க மாட்டேங்கிறான். புதுசா வந்தவன் மாதிரி, கூப்பிட்டாதான் வருவான் போல."

"அம்மா, பேரு சொல்லிக் கூப்பிடாதே. அம்மா."

அம்மா கைபேசியைக் காதிலிருந்து எடுத்திருந்தாள்.

"என்னடா நிக்கிற? உள்ள வாடா, குருவி."

இந்த அரங்கத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத அந்த நாலு சுரம், பிசகாமல் கைபேசிக்குள் கேட்டது.

"இதோ வந்தேன்."

பிறகு, வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தாழ் போடும் சத்தம்.